கந்தளாய்: குளமும் ஊரும்

ஈழத்தின் கிழக்குக் கரையில் கோணேசர் ஆலயத்தால் புகழ்பெற்ற திருகோணமலையிலிருந்து தென்மேற்குத் திசையாகச் சுமார் 40 கிலோமீற்றர் உள்ளே சென்றால் கந்தளாய் என்னும் சிறு பட்டினம் வரும். கொழும்புக்குப் பேருந்தில் போவோர் பலரும் தேநீர் அருந்த இறங்கி, கடைத்தெருவைப் பார்த்துவிட்டு மீண்டும் ஏறிவிடுவர். கடைத்தெருவுக்கு அப்பால் நீண்டு கிடக்கும் குளத்தின் வயது 1400 ஆண்டுகள் அளவினது என்பதும், அக்குளக்கரையில் வேதம் ஓதிய அந்தணர் குடியிருப்பும் சிவாலயமும் இருந்தன என்பதும், அக்குளக்கட்டு ஒருநாள் விடியுமுன் உடைந்து நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று என்பதும் இன்றைய இளந்தலைமுறையினருள் பலர் அறியாதவை. குளத்தையும் கோயிலையும் ஒருசேர மதித்து வாழ்ந்த சமூகத்தினர் கந்தளாயின் வரலாற்றை அறிந்திருத்தல் அவசியமாகும்.

அமைவிடமும் நீர்வளமும்

கந்தளாய் திருகோணமலை மாவட்டத்தின் பிரதேச செயலாளர் பிரிவுகளுள் ஒன்றாகும். அம்பேபுசையிலிருந்து திருகோணமலை செல்லும் ஏ-6 நெடுஞ்சாலை இதனூடாகவே செல்கின்றது. கல்ஓயாச் சந்தியில் பிரிந்து திருகோணமலைக்குப் போகும் புகையிரதப் பாதையிலும் கந்தளாய் ஒரு நிலையமாக உள்ளது.

இப்பிரதேசம் உலர் வலயத்தைச் சேர்ந்தது. ஐப்பசி தொடக்கம் தை வரையான வடகீழ்ப் பருவக்காற்றே இங்கு மழையைத் தருகின்றது. எஞ்சிய மாதங்களில் நிலம் காய்ந்து கிடக்கும். ஆகவே மாரியில் விழும் நீரைத் தேக்கி வைத்தாலன்றி இங்கு சிறுபோகம் இல்லை. மாரி பொய்த்தால் பெரும்போகமும் இல்லை. உலர் வலயத்தில் குளம் முந்தியது, ஊர் பிந்தியது என்று சொல்வதில் தவறில்லை.

கந்தளாய்க் குளத்திற்கு நீர் தருவது முதலில் பேராறு ஆகும். குளத்தின் நீரேந்து பரப்பு சுமார் 216 சதுர கிலோமீற்றர். இதனோடு வெளியூர் நீரும் வந்து சேர்கின்றது. எலஹெரவில் அம்பன் கங்கையை மறித்து எடுக்கப்படும் நீர், கால்வாய் வழியாக மின்னேரியாவை அடைந்து, அங்கிருந்து வடகிழக்காகக் கந்தளாய் வரை கொண்டுவரப்படுகின்றது. 1976இல் பொல்கொல்லையில் மகாவலி கங்கை திருப்பப்பட்ட பின்னர் மலைநாட்டு மழைநீரின் ஒரு பங்கும் அம்பன் கங்கையில் கலக்கின்றது. இவ்வாறு கண்டிக்கு அருகில் பெய்யும் மழைக்கும் கந்தளாய் வயலுக்கும் தொடர்பு உண்டாயிற்று.

குளத்தின் கட்டு சுமார் 14,000 அடி நீளமும் 50 அடி உயரமும் உடையது. நிறைந்திருக்கும்போது சுமார் 13 கோடியே 50 இலட்சம் கன மீற்றர் நீர் தேங்கும். ஒரு கன மீற்றர் நீரின் எடை ஒரு தொன் ஆகும். அவ்வளவு பாரத்தையும் தாங்கி நிற்பது மனிதர் கூடை கூடையாகக் கொட்டி உருவாக்கிய மண் மேடு ஒன்றே என்பதை எண்ணும்போது வியப்பும் அச்சமும் ஒருங்கே தோன்றுகின்றன. இக்குளத்து நீர் கந்தளாய் வயல்களுடன் வடகிழக்கே தம்பலகாமம் வரையுள்ள வயல்களுக்கும் பாய்கின்றது. திருகோணமலைப் பட்டினத்தின் குடிநீரும் இங்கிருந்தே எடுக்கப்படுகின்றது.

பெயரும் மரபுக் கதைகளும்

பாளி மொழியில் எழுந்த சூளவம்சம் இவ்விடத்தைக் "கங்காதட" எனக் குறிப்பிடுகின்றது. ஆற்றங்கரை என்பது அதன் பொருள். சிங்கள வழக்கில் "கந்தளே" என்றும், தமிழ்க் கல்வெட்டுக்களிலும் பேச்சு வழக்கிலும் "கந்தளாய்" என்றும் வழங்குகின்றது.

தமிழ் மக்களிடையே வேறொரு பெயர்க் காரணம் உண்டு. கோணேசர் ஆலயத்திற்குத் தீங்கு செய்யப் புறப்பட்ட கயவாகு மன்னன் வழியில் கண்பார்வை இழந்தான் என்றும், இறைவனை வேண்டி இவ்விடத்தில் மீண்டும் பார்வை பெற்றான் என்றும், கண் தழைத்த இடம் ஆகையால் "கண்தழை" எனப்பட்டுப் பின் கந்தளாய் ஆயிற்று என்றும் கூறுவர். சொல்லாராய்ச்சியாளர் இதனை ஏற்பதில்லை. ஆயினும் கந்தளாயையும் கோணேசர் ஆலயத்தையும் மக்கள் எவ்வளவு நெருக்கமாக இணைத்து எண்ணினர் என்பதற்கு இக்கதை சான்றாகும்.

குளக்கோட்டன் கதையும் அத்தகையதே. கவிராஜ வரோதயன் இயற்றிய கோணேசர் கல்வெட்டு, சோழ அரச மரபில் வந்த குளக்கோட்டன் திருகோணமலையில் ஆலயத் திருப்பணி செய்தான் எனவும், ஆலயத்தின் தேவைக்காகக் கந்தளாயில் குளமும் வயலும் அமைத்தான் எனவும் கூறுகின்றது. குளமும் கோட்டமும் கட்டியமையால் குளக்கோட்டன் என்னும் பெயர் வந்தது என்பர். கோட்டம் என்றால் கோயில். குளக்கோட்டன் வாழ்ந்த காலம் பற்றி அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் இம்மரபு சொல்லும் செய்தி தெளிவானது. கோயிலைக் கட்டினால் போதாது. விளக்கெரிக்க நெய்யும் அமுதுக்கு நெல்லும் வேண்டும். நெல்லுக்கு வயல் வேண்டும். வயலுக்குக் குளம் வேண்டும். அவற்றைப் பராமரிக்க ஆட்களும் வேண்டும். அதனாலேயே தானத்தார், வரிப்பத்தார் எனத் தொழும்பு செய்வோரைக் குடியேற்றி, அவரவர் கடமையை வகுத்து வைத்ததாகவும் கோணேசர் கல்வெட்டு கூறுகின்றது.

வரலாற்று நூல்களும் கல்வெட்டுக்களும்

சூளவம்சத்தின்படி இக்குளத்தை அமைத்தவன் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அநுராதபுரத்தில் இருந்து ஆட்சி செய்த இரண்டாம் அக்கபோதி ஆவான். கிரித்தலைக் குளமும் அவன் பணியெனவே அந்நூல் கூறும். பின்னர் 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு (1153 - 1186) குளத்தைத் திருத்தினான்.

கி.பி. 993 அளவில் இலங்கையின் வடபகுதி சோழர் ஆட்சிக்கு உட்பட்டு, 1070 வரை அந்நிலை நீடித்தது. இக்காலத்தில் கந்தளாய் அந்தணர்க்குரிய பிரமதேயமாக விளங்கி, இராஜராஜ சதுர்வேதிமங்கலம் என்ற பெயரைப் பெற்றிருந்தது. பிரமதேயம் என்பது சபையால் நிருவகிக்கப்படும் ஊர். சோழ நாட்டுப் பிரமதேயங்களில் இத்தகைய சபைகளே குளம், வாய்க்கால், கோயில் நிலம் ஆகியவற்றைக் கவனித்தன.

சோழரை வென்று பொலன்னறுவையில் ஆட்சி அமைத்த முதலாம் விஜயபாகு (இறப்பு 1110) இந்த அந்தணர் குடியிருப்பை அழிக்கவில்லை. அது விஜயராஜ சதுர்வேதிமங்கலம் எனப் பெயர் மாறித் தொடர்ந்தது. கந்தளாய்க்கு அண்மையில் பாலமோட்டையில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு இதனைத் தெரிவிக்கின்றது. அம்மன்னனின் 42ஆவது ஆட்சியாண்டுக்குரிய அக்கல்வெட்டில், நங்கைச்சானி என்னும் அந்தணப் பெண், இறந்துபோன தன் கணவனின் நினைவாக, கந்தளாயில் இருந்த தென்கயிலாயம் ஆகிய விஜயராஜ ஈஸ்வரத்திற்குத் தானம் வழங்கிய செய்தி பொறிக்கப்பட்டுள்ளது. அத்தானத்தைக் காக்கும் பொறுப்பு வேளைக்காரப் படையினரிடம் ஒப்படைக்கப்பட்டது.

இக்கல்வெட்டில் மூன்று செய்திகள் நம் கவனத்திற்குரியவை. முதலாவது, பௌத்த மன்னன் ஒருவனின் பெயரால் சிவாலயம் ஒன்று வழங்கியமை. இரண்டாவது, கணவனை இழந்த பெண் ஒருத்தி தன் பெயராலே தானம் செய்து கல்லிலும் வெட்டுவிக்கும் நிலையில் இருந்தமை. மூன்றாவது, கொடுத்ததோடு நில்லாமல், தனக்குப் பின் அதனைக் காப்பவர் யார் என்பதையும் அவள் ஏற்பாடு செய்து வைத்தமை. தானம் கொடுப்பதிலும் அதனைக் காப்பதே அரிது என்பதை அக்காலத்தவர் நன்கு உணர்ந்திருந்தனர்.

இரண்டாம் கஜபாகு மன்னன் (1132 - 1153) பராக்கிரமபாகுவுடன் நடந்த நீண்ட போருக்குப் பின் தன் இறுதிக் காலத்தைக் கந்தளாயில் கழித்து அங்கேயே உயிர்நீத்தான் எனச் சூளவம்சம் கூறுகின்றது. கயவாகு பற்றிய தமிழ் மரபுக் கதையின் வேர் இதில் இருக்கலாம். அதன்பின் ஆட்சிக்கு வந்த நிசங்கமல்லன் (1187 - 1196) இவ்வூரைச் சதுர்வேத பிரமபுரம் எனக் குறிப்பிட்டு, இங்கு பார்வதி சத்திரம் என்னும் அன்னசாலையில் நடந்த தானத்தைத் தான் அமர்ந்து பார்த்த கல்லாசனத்தில் சிங்களத்தில் எழுத்துப் பொறித்துள்ளான். பாளி நூலும் தமிழ்க் கல்லும் சிங்களக் கல்லும் ஒரே ஊரைப் பற்றிப் பேசுவது கந்தளாயின் சிறப்பாகும். எந்த ஒரு மொழியினரும் தனித்து உரிமை கொண்டாட முடியாத, அதே வேளை எவரையும் அந்நியர் என்று தள்ளவும் முடியாத வரலாறு அதனுடையது.

காடு மூடிய காலமும் புனரமைப்பும்

1215இல் நிகழ்ந்த மாகனின் படையெடுப்புக்குப் பின்னர் பொலன்னறுவை அரசு சிறுகச் சிறுகத் தளர்ந்தது. தலைநகரங்கள் தென்மேற்கு நோக்கி நகர்ந்தன. குளங்களைப் பராமரித்த அமைப்பு குலைந்தது. கால்வாய்கள் தூர்ந்தன, கட்டுக்களில் மரங்கள் முளைத்தன, மலேரியாக் காய்ச்சல் பரவியது. வயல்கள் இருந்த இடத்தில் காடு வந்தது. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் திருகோணமலைக் கோணேசர் ஆலயத்தை இடித்தனர். கோட்டம் ஒருபுறம் இடிய, குளம் மறுபுறம் தூர்ந்து கிடந்தது. கோணேசரின் வழிபாடு தம்பலகாமத்தில் ஆதிகோணநாயகர் ஆலயமாகத் தொடர்ந்தது. கந்தளாய் நீர் பாயும் வயல்களின் நடுவே அவ்வாலயம் அமைந்திருப்பது குளத்திற்கும் கோட்டத்திற்கும் உள்ள பழைய உறவை நினைவூட்டுகின்றது.

பிரித்தானியர் ஆட்சியில் 1869இல் கந்தளாய்க் குளத்தின் புனரமைப்பு தொடங்கப்பட்டது. சுதந்திரத்தை அண்டிய காலத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தின் கீழ் காடு வெட்டப்பட்டு, நாட்டின் பிற பகுதிகளிலிருந்து விவசாயக் குடும்பங்கள் இங்கு கொண்டுவரப்பட்டன. இதனால் இப்பிரதேசத்தின் சனத்தொகை பெருகியதோடு இன விகிதாசாரமும் பெரிதும் மாறியது. செக்கோசிலோவாக்கியா நாட்டின் உதவியுடன் 1960 அளவில் சீனித் தொழிற்சாலை ஒன்று ஆரம்பிக்கப்பட்டு, கரும்புச் செய்கை பரவியது. பலருக்குத் தொழில் கொடுத்த அத்தொழிற்சாலை 1990களில் மூடப்பட்டது.

1986 சித்திரை 20

1986 ஏப்ரல் 20, ஞாயிற்றுக்கிழமை. சித்திரைப் புதுவருடம் பிறந்து ஒரு வாரமே ஆகியிருந்தது. தமிழரும் சிங்களவரும் ஒன்றாகக் கொண்டாடும் பண்டிகையின் பலகாரம் தீராத வீடுகளில் மக்கள் உறங்கிக் கொண்டிருந்தனர். அதிகாலை மூன்று மணியளவில் குளக்கட்டு உடைந்தது. தேங்கிய நீர் சுவர் போல் எழுந்து கீழ்ப்புறக் கிராமங்களின்மீது பாய்ந்தது. இருளில் எத்திசையில் ஓடுவது என்பதே தெரியவில்லை. 120க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். 1600க்கு மேற்பட்ட வீடுகளும் 2000 ஏக்கர் நெல்வயலும் அழிந்தன. பாதிக்கப்பட்ட குடும்பங்கள் 8000க்கு மேல்.

நாடு இனப்போரில் பிளவுண்டிருந்த காலம் அது. ஆனால் வெள்ளம் எந்த வீட்டையும் இனம் கேட்டு விடவில்லை. கட்டின் மேலாக மிகப் பாரமான வாகனங்கள் செலுத்தப்பட்டமை உடைப்பிற்கு முக்கிய காரணங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது. பழங்காலத்தில் ஆட்களும் மாடுகளும் மிதித்து இறுக்கிய மண் கட்டு, அதனை அமைத்தோர் கனவிலும் காணாத பாரத்தைச் சுமக்க நேர்ந்தது. பின்னர் கட்டு மீளக் கட்டப்பட்டுக் குளத்தில் மீண்டும் நீர் தேக்கப்பட்டது.

குளக்கட்டு ஏன் உடைகின்றது?

இதனை மாணவர்களும் கமக்காரர்களும் விளங்கி வைத்திருத்தல் நன்று. நீரின் அமுக்கம் ஆழத்துடன் கூடும். 15 மீற்றர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீற்றரிலும் 15 தொன் அளவு நீர் அமுக்கம் உண்டு. ஆகையால்தான் கட்டு மேலே ஒடுங்கியும் அடியில் அகன்றும் கட்டப்படுகின்றது.

மண் கட்டு எதிலும் சிறிதளவு நீர் கசியவே செய்யும். கசியும் நீர் தெளிவாக இருக்கும்வரை பெரும் ஆபத்தில்லை. கசிவு கலங்கலாக வருமாயின், நீர் உள்ளிருந்து மண்ணை அரித்து வெளியே கொண்டு வருகின்றது என்பது பொருள். உள்ளே ஊசித் துவாரமாகத் தொடங்கும் அரிப்பு குழாய் போல் விரிந்து, சில மணித்தியாலங்களில் கட்டையே விழுங்கிவிடக்கூடும். பட்ட மரத்தின் உக்கிய வேர், கறையான் புற்று, எலி, உடும்பு முதலியவற்றின் வளை என்பன இத்தகைய அரிப்புக்கு வழி திறப்பவை. துருசின் கல்லும் மண்ணும் சந்திக்கும் இடம் இயல்பாகவே பலவீனமானது. கட்டை வெட்டிக் குழாய் புதைப்பதும், பாரமான வாகனம் ஓட்டுவதும் இறுகிய மண்ணைக் குலைக்கும். வான் அடைபட்டு நீர் கட்டின் மேலாக வழியுமானால், கீழ்ப்புறச் சரிவு கரைந்து கட்டு சரியும்.

பழைய கமக்காரர் இவற்றைப் பாடப்புத்தகத்தில் படிக்கவில்லை. ஆயினும் கட்டில் மரம் வளர விடமாட்டார்கள். அலைகரைக் கல் சரிந்தால் திருப்பி அடுக்குவார்கள். மாரி தொடங்குமுன் ஊர் கூடி வாய்க்கால் துப்புரவு செய்வார்கள். பெருமழை இரவில் விளக்குடன் கட்டில் காவல் நடப்பார்கள். வட்டவிதானையின் சொல்லுக்கு மறுப்பு இருக்காது. குளத்திற்குப் பொங்கிப் படைக்கும் வழக்கமும் இதனோடு இணைந்ததே. பொங்கலுக்காகக் கட்டில் கூடும் ஊரவர், ஆண்டுக்கொருமுறையேனும் அக்கட்டை அடி அடியாக நடந்து பார்க்கின்றனர். பக்தியும் பராமரிப்பும் இரண்டல்ல என்பதே அதன் உட்பொருள்.

இன்றைய கந்தளாய்

இன்று கந்தளாயில் சிங்கள மக்கள் பெரும்பான்மையினராக வாழ்கின்றனர். பேராறு முதலிய பகுதிகளில் முஸ்லிம் மக்கள் செறிந்துள்ளனர். 1980களின் வன்செயல்களால் தமிழ்க் குடும்பங்கள் பல இடம்பெயர்ந்தமையால் தமிழர் தொகை குறைவாகும். ஒரு காலத்தில் தமிழில் சபை நடத்திய ஊர் அது என்பதைப் பாலமோட்டைக் கல்வெட்டு போன்ற கற்களே சொல்கின்றன. நெற்செய்கையே இன்றும் முதன்மைத் தொழில். குளத்தில் நன்னீர் மீன்பிடி நடைபெறுகின்றது. மாலையில் கட்டின்மீது நின்று பார்ப்போருக்கு எதிர்க்கரைக் காடும் நீரில் இறங்கும் கொக்குகளும் காண்பதற்கினிய காட்சியாகும். கடும் வரட்சியில் குளம் வற்றும்போது திருகோணமலை மாவட்டமே கவலையுறுகின்றது. நீரைப் பங்கிடும் கூட்டங்களில் தலைக்கட்டு விவசாயியும் கடைக்கட்டு விவசாயியும் மொழி வேறுபாடின்றி ஒரே கேள்வியையே எழுப்புகின்றனர்: "எங்கள் வயலுக்குத் தண்ணீர் எப்போது வரும்?"

நிறைவாக

கந்தளாயின் வரலாற்றில் குளத்தைக் கட்டியவன் பெயர் ஒன்று; திருத்தியோர் பெயர் பல. அக்கபோதி என்று வரலாற்று நூலும், குளக்கோட்டன் என்று மரபும் சொல்லும் அந்த முதற்பணி என்றோ முடிந்துவிட்டது. அதன்பின் நூற்றாண்டு தோறும் எவரோ அதனைத் திருத்தியமையாலேயே குளம் நிலைத்தது. திருத்துவார் இல்லாத நூற்றாண்டுகளில் காடு மூடியது. கவனம் தவறிய ஓரிரவில் உயிர்கள் போயின.

ஆலயத் திருப்பணியும் இதுபோன்றதே. கும்பாபிஷேகம் ஒருநாள் விழா. நித்திய பூசையும் பராமரிப்பும் என்றுமுள்ள கடமை. கோயிலுக்கு அருகே சிறு குளமேனும் உள்ள கிராமங்கள் எமது பிரதேசங்களில் ஏராளம். திருவிழாவுக்கு வரும் இளைஞர்கள் தேர்வடத்தைப் பிடிப்பதோடு, ஒருநாள் மண்வெட்டியையும் பிடித்து அக்குளக்கட்டில் முளைத்த செடிகொடிகளை அகற்றுவார்களாயின், குளத்தையும் கோட்டத்தையும் ஒன்றாகக் கண்ட முன்னோரின் மரபு அவர்கள் கையில் தொடரும். கணவனின் நினைவாகக் கொடுத்த தானம் தனக்குப் பின்னும் நிலைக்க வேண்டுமென்று ஏற்பாடு செய்த நங்கைச்சானி, 900 ஆண்டுகளுக்குப் பின் வந்தோர்க்கும் சொல்லிச் செல்வது இதனையேயாகும்.